மறவாத பாரதமும் மறந்த கடலும்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே ஆண்டுதோறும் 18 நாள் உற்சவம் நடைபெறுவதை இம்மலரின் வாசகருள் அறியாதார் இலர். பாரதப்போர் நடந்த நாட்களின் கணக்கு அது. பாண்டவர் வனவாசம் புறப்படும் நாளிலே ஊர் முழுவதும் வீதியில் நின்று அவர்களை வழியனுப்புகின்றது. தீமிதிப்பு முடியும்வரை ஊரில் வேறு பேச்சில்லை. பாரதம் என்னும் பெருநூலைத் திறந்தும் பாராத பாட்டி, பாண்டவர் நாடிழந்த கதையைத் தடங்கலின்றிச் சொல்வாள். பள்ளிக்குச் செல்லாத சிறுவனும் அர்ச்சுனன் யார், சகாதேவன் யார் என்பதை அறிவான். இஃது எவ்வாறு நிகழ்ந்தது? நாம் பாரதத்தை ஏட்டில் மட்டும் வைத்துப் பூட்டவில்லை. ஆண்டுதோறும் நடந்து, நடித்து, விரதமிருந்து, வெறுங்காலோடு நெருப்பை மிதித்து அதனைக் காப்பாற்றி வந்தோம். ஆதலால் அது மறக்கப்படவில்லை.

அதே பாண்டிருப்பின் கிழக்கெல்லை கடல். அக்கடலையும், அதன்மேல் வரும் காற்றையும், மேற்கிலிருந்து வரும் வெள்ளத்தையும் பற்றி நாம் எவ்வளவு நினைவில் வைத்திருந்தோம்? இக்கரை பலமுறை அழிவைக் கண்டது. ஒவ்வொரு முறையும் அதனை முதன்முறை காண்பவர் போலவே கண்டோம். ஏன் அவ்வாறாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நாம் வாழும் நிலத்தின் அமைப்பை நோக்குவோம். அம்பாறை மாவட்டக் கரையின் வடபுறத்தே பெரியநீலாவணை தொடங்கி, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர்கள் மணிமாலைபோல் கோத்துக் கிடக்கின்றன. தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. புதியவர் ஒருவருக்கு ஓரூர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குமிடம் தெரிவதில்லை. கிழக்கே கடல், மேற்கே வயலும் சதுப்பு நிலமும், நடுவே ஒடுங்கிய மணற்பூமி. அம்மணற்பூமியிலேதான் வீடு, கடை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் யாவும் நெருங்கி நிற்கின்றன. கரைவலை இழுப்பவன் கடலை விட்டு அகல முடியாது. வயல் செய்பவன் வயலிலே வீடு கட்ட முடியாது. மருதமுனை நெசவாளிக்குத் தறியும் நூலும் சந்தையும் அருகில் வேண்டும். ஆகவே எல்லோரும் நடுவிலே நெருங்கினர்.

மேற்கே சென்று குடியேறியிருக்கலாகாதோ என வினவலாம். 1949 ஆம் ஆண்டிலே கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. உள்நாட்டுக் காடுகள் வெட்டப்பட்டு, பிற மாவட்டங்களிலிருந்து வந்தோரும் பெருந்தொகையாகக் குடியேற்றப்பட்டனர். 1961 இல் மட்டக்களப்பின் தென்பாகம் பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் ஆயிற்று. கரையோரத்துச் சனத்தொகை பெருகப் பெருக, அதற்கு மேற்கே விரிய இடம் சுருங்கிற்று. எனவே அதே மணற்பூமியிலே வீட்டின்மேல் வீடும், வளவினுள் வளவுமாக வாழ வேண்டியதாயிற்று. அழிவு வந்தபின்னும் நம்மவர் அதேயிடத்துக்குத் திரும்பியது மதியீனத்தால் அன்று. போக வேறிடம் இருக்கவில்லை.

நிற்க. இக்கரைக்கு அழிவு மூன்று வழிகளால் வந்தது.

முதலாவது, மேற்கிலிருந்து வரும் வெள்ளம். 1957 ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தைப் பற்றிப் பெரியோர் இன்றும் பேசுவர். கிழக்கு மாகாணத்திலே குளக்கட்டுகள் பல உடைந்தன, பயிர் அழிந்தது, பாதைகள் துண்டிக்கப்பட்டன. வெள்ளம் ஓரளவு அறிமுகமான பகைவன். அது மார்கழி மழையோடு வரும். வரும் வழியும் தெரியும். வாசலில் ஏறும்வரை சிறிது அவகாசமும் தரும். கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஏறிவிட்டது என்ற செய்தி கேட்டாலே நெல்மூட்டையை உயரத்தில் ஏற்ற வேண்டும் என்பது நம் தாய்மாருக்குத் தெரியும். ஆண்டுதோறும் பழகியமையால் வந்த அறிவு அது.

இரண்டாவது, காற்று. 1907 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கிழக்குக் கரையை ஒரு பெருஞ் சூறாவளி தாக்கிற்று. அதைக் கண்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அவர்களோடு அதன் கதையும் மறைந்தது. எழுபத்தோராண்டுகள் கழிந்தபின், 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி இரவு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளின்மேல் மற்றொரு சூறாவளி ஏறிற்று. 900 பேருக்கு மேல் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பாதிப்புற்றனர். இரண்டரை இலட்சம் வீடுகள்வரை சேதமுற்றன. கிடுகுக் கூரைகள் பறந்தன. ஓட்டுக் கூரைகள் நொறுங்கின. தென்னந்தோட்டங்கள் நிலத்தோடு படுத்தன. தென்னை என்பது நம் கரையில் மரம் மட்டுமன்று. அது கறி, விளக்கு, கூரை, வேலி, பெண்பிள்ளையின் சீதனம். ஒரே இரவில் ஒரு தலைமுறையின் சேமிப்பு விழுந்தது எனின் மிகையாகாது. இன்றும் நம் முதியோர் வயதைக் கணக்கிடுகையில், "சூறாவளிக்கு முந்திப் பிறந்தவன்", "சூறாவளி வருஷத்துப் பிள்ளை" என்று கூறக் கேட்கின்றோம். அந்த இரவு நாட்காட்டியாகவே ஆகிவிட்டது.

அச்சூறாவளி ஒரு பாடத்தைக் கற்பித்தது: உறுதியான கட்டடத்தினுள் புகு; கதவைச் சாத்து; காற்று ஓயும்வரை வெளியே வராதே. நல்ல பாடந்தான். ஆனால் மூன்றாவது அழிவு வந்தபோது அப்பாடம் பயன்படவில்லை. கடல் வேறொரு பாடத்தைக் கேட்டது: கதவைத் திற, பொருளைப் பாராதே, மேற்கே ஓடு. அப்பாடத்தை நமக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தருவதற்கு ஒன்றும் இருக்கவில்லையா? இருந்தது. 1883 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 27 ஆந் திகதி, சாவகத் தீவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள கிரக்கற்றோவா எரிமலை வெடித்தது. அன்று இலங்கைக் கரையின் பல இடங்களில் கடல் பின்வாங்கிப் பின்பு பெருகி வந்ததைக் கண்டோர் பதிந்துள்ளனர். நம் மாவட்டத்தின் தெற்கே, பொத்துவிலுக்கு அப்பாலுள்ள பாணமைக் கரையிலே பெண்ணொருத்தி அவ்வலையில் அகப்பட்டு உயிரிழந்ததாக அக்கால அறிக்கை கூறுகின்றது. கடல் உள்வாங்கினால் மீண்டும் சீறிவரும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நம் கரையிலேயே, நம் பூட்டனார் காலத்திலேயே நிகழ்ந்தது. ஆயினும் அஃது இலண்டனில் அச்சிட்ட புத்தகத்திலே இருந்தது. நம் கிராமத்தின் வாயிலே இருக்கவில்லை.

இன்னும் ஒன்று. "கடற்கோள்" என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. கபாடபுரத்தைக் கடல் கொண்ட வரலாற்றைத் தமிழ் வகுப்பிலே கேட்டோம். காவிரிப்பூம்பட்டினம் கடலுக்கு இரையானதை மணிமேகலையிற் கற்றோம். களனி நாட்டிலே கடல் பொங்கியதை மகாவம்சம் கூறுவதைச் சரித்திர வகுப்பிலே படித்தோம். மிஷன் பள்ளிக்கூடத்திலே பயின்ற நாம் நோவாவின் பேழையையும் கேட்டோம். நம் தந்தையரும் இவற்றையே, இதே வாங்குகளில் இருந்து படித்தனர். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றனர். ஆயினும், பள்ளிக்கூடத்து யன்னலுக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்த கடலை எவரும் சுட்டிக்காட்டி, "இதுவும் அப்படிச் செய்யும்" என்று கூறவில்லை. சொல் நம்மிடம் இருந்தது. பொருள் நம்மைவிட்டுப் போயிருந்தது. ஈற்றில் அதே நிகழ்ச்சியைக் குறிக்க, "சுனாமி" என்னும் யப்பானியச் சொல்லை வானொலியிற் கேட்டு அறிய வேண்டியவரானோம்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள், நத்தாருக்கு மறுநாள். இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. நம் கரையை அலை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒன்றரை மணிநேரம்! கால்நடையாகவே மேற்கு வயலை அடைந்துவிடலாம். ஆனால் செய்தி வரவில்லை. கடலின் குறியை வாசிக்கவும் நாம் அறியவில்லை. இலங்கை முழுவதிலும் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 35,000 பேர். அவருள் 10,000 பேருக்கு மேல் அம்பாறை மாவட்டத்தவர். இத்தீவில் எம்மாவட்டமும் இவ்வளவு உயிரை இழக்கவில்லை. மருதமுனையின் தறிக்கொட்டில்கள் அள்ளுண்டன. பாண்டிருப்பிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீதிகள் பல இருந்த இடந்தெரியாமற் போயின. நம்மிற் பலர் அப்போது தொட்டிற் குழந்தைகள், சிலர் பிறக்கவுமில்லை. நம்மைத் தூக்கிக்கொண்டு ஓடிய கைகளுக்கு நாம் கடன்பட்டவர்கள். தூக்கி ஓட ஒருவரும் இல்லாதிருந்த குழந்தைகளை நினைக்கும்போது எழுதுகோல் நடுங்குகின்றது.

அன்று அதே அலை, நமக்கு முன்னரே மற்றொரு சிறு சமூகத்தைத் தாக்கிற்று. சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலூ என்னும் தீவு உண்டு. நகரங்களுக்கு எட்டாத தொலைவு. பெரும்பாலும் மீனவரும் பயிர் செய்வோரும் வாழும் இடம். 1907 ஆம் ஆண்டு ஓர் ஆழிப்பேரலை அத்தீவு மக்களிற் பெரும்பகுதியினரைக் கொன்றது. உயிர் தப்பியோர் என்ன செய்தனர்? கல்வெட்டு நாட்டவில்லை. அவ்வலைக்கு "ஸ்மொங்" என்று தம் மொழியிலே பெயரிட்டனர். நிலம் பலமாக நடுங்கி, பின்பு கடல் உள்வாங்கினால், ஒன்றையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்கு ஊட்டினர். 2004 இல் நிலநடுக்கம் நிகழ்ந்து சில நிமிடங்களுள் அலை அங்கே வந்துவிட்டது. அவர்களுக்கு ஒன்றரை மணிநேரம் கிடைக்கவில்லை. ஆயினும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட தீவாரிலே அலையால் மாண்டோர் எழுவர் மட்டுமே. நம்மையும் 1907 இல் சூறாவளி தாக்கிற்று. அவர்களையும் 1907 இல் கடல் தாக்கிற்று. அவர்கள் மறக்கவில்லை, நாம் மறந்தோம். அவர்களிடம் இருந்தது பணமோ இயந்திரமோ அன்று, பாட்டிமார்.

இனி, கூறக் கூசும் ஒன்றையும் கூறியே ஆகவேண்டும். இக்கரையின் அழிவுகள் யாவும் இயற்கை தந்தவை அல்ல. 1985 இல் காரைதீவுப் பகுதியிலும், 1990 இல் இக்கரை நெடுகிலும் மனிதன் மனிதனைக் கொன்றான். தமிழரும் மாண்டனர், முஸ்லிம்களும் மாண்டனர். அயலூரார் ஒருவரையொருவர் அஞ்சி இரவோடிரவாக ஊர்விட்டு ஓடினர். ஓடிய வழி, கடல் வந்தபோது ஓடிய அதே வழிதான்.

ஆயினும் 2004 இல் அலை வடிந்த அந்த நாட்களைப் பற்றிப் பெரியோரைக் கேட்டுப்பாருங்கள். சேற்றிலிருந்து உடலை எடுத்தவன் இது சைவ உடலா, முஸ்லிம் உடலா என்று பார்த்து எடுக்கவில்லை. கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் வந்தவர்க்கெல்லாம் சோறு கிடைத்தது. அலை தொடாத வீட்டார் தம் உடுபுடைவைகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். வெளியார் உதவி வந்து சேருமுன்னர் நம்மைக் காத்தது அயலவன் கையே.

பின்பு உதவி வந்தது. அதனோடு கணக்கும் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் தூரத்துள் வீடு கட்டலாகாது எனச் சட்டம் வந்தது. ஒடுங்கிய நம் மணற்பூமியிலே 200 மீற்றரை வெட்டிவிட்டால் எஞ்சுவது யாது? 2005 முடிவில் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் கொட்டில்களில் காலந்தள்ளினர். பல நாடுகள் வீடு கட்டித் தந்தன; சாய்ந்தமருதிலே வெனிசுவேலா நாட்டின் உதவியால் எழுந்த பொலிவேரியன் கிராமம் அவற்றுள் ஒன்று. ஆனால் அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே சவூதி அரேபியா கட்டித் தந்த 500 வீடுகள், எவ்வினத்தாருக்கு எத்தனை என்னும் வழக்கிலே சிக்கிப் பல்லாண்டுகள் குடியேறுவாரின்றிப் பாழாய்க் கிடந்தன. கடல் ஒரே நாளில் இடித்ததைக் கட்டச் சில ஆண்டுகள் போதுமாயிருந்தன. கட்டியதைப் பகிர்ந்துகொள்ளத்தான் காலம் போதவில்லை. பிரதேச செயலகம் யாருக்கு, எல்லைக்கோடு எவ்விடம் என்று நாம் வழக்காடும் வேளையிலே இதனை நினைத்தல் நன்று. அலை வந்தபோது எல்லைக்கல் எதுவும் அதனைத் தடுக்கவில்லை.

2004 இன் பின்னர் நாம் ஒன்றுமே கற்கவில்லை என்று கூறல் நியாயமன்று. 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. டிசம்பர் 26 தேசிய பாதுகாப்புத் தினமாயிற்று. 2012 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11 ஆந் திகதி சுமாத்திரா அருகே மீண்டும் கடலடி நிலம் நடுங்கி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கிழக்குக் கரை மக்கள் உடனே உள்நாட்டை நோக்கி விரைந்தனர். அழிவுதரும் அலை அன்று வரவில்லை. ஆயினும் அவ்வோட்டம் வீணன்று. அறிந்த மக்கள் ஓடினர். ஆனால் அன்று ஓடியோர் 2004 ஐக் கண்ணாற் கண்டவர்கள். காணாதவர்களாகிய நாமும், நமக்குப் பின் வருவோரும் ஓடுவோமா என்பதே கேள்வி.

நன்கறிந்த பகைவனிடத்தும் நாம் தோற்பதுண்டு. 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கிழக்கு மாகாணம் இருமுறை வெள்ளத்தில் மூழ்கிற்று. 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26 ஆந் திகதி, காரைதீவுக்கு மேற்கே மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த பாதையிலே, மத்ரஸா மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரம் கவிழ்ந்தது. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலர் பெட்டியோடு நீரில் அடித்துச் செல்லப்பட்டு மாண்டனர். அவ்விடத்திலே மாரியில் வெள்ளம் பாய்வதை அறியாதார் யாருமிலர். அறிந்தும் அப்பாதையாற் போகவேண்டியிருந்தது. அச்செய்தி கேட்ட அன்று இக்கரையிலே அழாத தாய் இல்லை.

நம் மக்களின் பொறுமையை வெளியார் மெச்சுவதுண்டு. "எத்தனை முறை விழுந்தாலும் எழுந்து நிற்கின்றார்கள்" என்பார்கள். உண்மைதான்; 1978 இல் விழுந்த தென்னைகளின் இடத்திலே மறு தென்னையை நட்டோம்; அள்ளுண்ட தறிக்குப் பதில் மறு தறியைப் பூட்டினோம். ஆயினும் அப்புகழுரையில் நாம் மயங்கலாகாது. விழுந்தபின் எழுவது மட்டும் அறிவாகாது. ஒருமுறை விழுந்த குழியை அடுத்தவனுக்குக் காட்டிச் செல்வதே அறிவு. யோபு என்னும் பக்தன் யாவற்றையும் இழந்தும் பொறுத்தான் என விவிலியம் கூறும், அரிச்சந்திரனும் பொறுத்தான். அவர்களுக்கு வந்தவை சோதனைகள். சோதித்தவன் ஈற்றில் திருப்பிக் கொடுத்தான். கடல் திருப்பிக் கொடுப்பதில்லை.

ஆதலின் நம் சங்கத்து வாலிபர்முன் ஒரு பணியை வைக்க விரும்புகின்றோம். 1957 ஐக் கண்டோர் மிகச் சிலரே நம்மிடையே இருக்கின்றனர். 1978 ஐக் கண்டோர் முதுமை எய்துகின்றனர். 2004 ஐக் கண்ட தாய்மார் இன்னும் பேசக்கூடியவராய் உள்ளனர். அவர்களிடஞ் சென்று, தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, எந்த ஒழுங்கையால் ஓடினோர் தப்பினர், எந்த ஒழுங்கையில் அகப்பட்டனர் என்பவற்றைக் கேட்டு, ஊருக்கோர் ஏடாக எழுதுவோம். தமிழூரில் மட்டுமன்றி, மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உள்ள முஸ்லிம் வாலிபரோடு சேர்ந்தே எழுதுவோம். ஒரே அலையின் கதையை இரு புத்தகமாகப் பிரிக்க முடியாது.

ஏடு மட்டும் போதாது. ஏட்டில் இருந்த 1883 நமக்கு உதவவில்லை. பாரதத்தை எவ்வாறு காத்தோமோ அவ்வாறே இதனையும் காலால் நடந்து காக்கவேண்டும். பாண்டிருப்பிலே வனவாசத்துக்கு ஊர் திரளுகின்றது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் ஆண்டகையின் பெயரால் ஏறும் கொடிக்கு ஊர் திரளுகின்றது. காரைதீவிலே கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊர் திரளுகின்றது. திரளத் தெரிந்த மக்கள் நாம். ஆண்டுக்கொரு நாள், டிசம்பர் 26 காலையில், மௌன அஞ்சலியின் பின்னர், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி அவ்வொழுங்கைகளால் ஒருமுறை நடப்போம். சைவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் சேர்ந்தே நடப்போம். நடக்கும்போது பெரியோர் கதையைச் சொல்லட்டும். பிள்ளைகள் வழியை அறியட்டும்.

வனவாசம் போன பாண்டவர் திரும்பி வந்தனர். அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கும் வழியைக் காட்டி வைப்போமாக.